குறுகிப்போகும் அளவுகோல்

தலைமுறை என்ற சொல்லை நாம் நீளம் பார்க்காமலே பயன்படுத்தி வருகிறோம். சிறு பத்திரிகைக்காரர்களிடம் இந்தப் பழக்கம் கொஞ்சம் அதிகம். 'எழுத்து' 1959ல் வந்தது, 'கசடதபற' 1970ல். இடையில் 11 வருஷம்தான். அதற்குள் ஒரு தலைமுறை போய் இன்னொன்று வந்துவிட்டதாக இலக்கிய சரித்திரம் எழுதியாகிவிட்டது. குடும்பத்தில் இதே சொல்லுக்கு 25, 30 வருஷம். இயந்திரம் விற்கிறவனுக்கு 2 வருஷம்கூட அதிகம். ஏழு தலைமுறைக்கு என்று சபிக்கிறவன் அது எத்தனை வருஷம் என்று யோசிப்பதில்லை; சபிக்கப்பட்டவனும் கேட்பதில்லை.

இந்த நீளத்தை யார், எதை வைத்துத் தீர்மானிக்கிறார்கள் என்பது ஒரு தார்மீகப் பிரச்னை என்று எனக்கு உறைத்தது விஞ்ஞானக் கட்டுரைகளைப் படிக்கும்போதுதான். மனிதனும் குரங்கும் தேவாங்கும் அடங்கிய பிரைமேட் வரிசையின் மிகச் சிறிய பிராணிகளுக்கு, காட்டில், ஒரு தலைமுறை என்பது எத்தனை வருஷம் என்று கணக்கிடும் கட்டுரைகள் அவை. விஷயம் துறைக்காரர்களுடையது. ஆனால் அதற்குள் இருக்கும் கேள்வி அவர்களுக்கு மட்டும் சொந்தமானதில்லை என்று நினைப்பதால் இதை எழுதுகிறேன்.

1

தலைமுறைக் காலத்தை ஆயுளோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. முதல் குட்டி போடும் வயதோடும் குழப்பிக்கொள்ளக் கூடாது. இந்த வருஷம் பிறந்த குட்டிகளை எடுத்துக்கொண்டு, அவற்றைப் பெற்றவற்றின் வயதுக்குச் சராசரி பார்த்தால் கிடைப்பது தலைமுறைக் காலம். ஒரு காட்டில் ஆறு தாய்கள், ஆளுக்கு ஒரு குட்டி என்று வைத்துக்கொள்வோம். தாய்களின் வயது 2, 3, 4, 6, 8, 10. கூட்டினால் 33. ஆறால் வகுத்தால் ஐந்தரை. அந்தக் காட்டில் அந்தப் பிராணிக்கு ஒரு தலைமுறை ஐந்தரை வருஷம்.

கணக்கு இவ்வளவு எளிது. கஷ்டம் தாயின் வயதைத் தெரிந்துகொள்வதில். காட்டுப் பிராணிக்கு ஜாதகம் கிடையாது. பிடித்து, அடையாளம் இட்டு, விட்டுவிட்டு, அடுத்த வருஷம் மறுபடி பிடிக்க வேண்டும். அல்லது பல்லின் தேய்மானத்தைப் பார்த்து வயதை ஊகிக்க வேண்டும். மடகாஸ்கர் தீவின் எலி லெமூர்களை இப்படித்தான் அளக்கிறார்கள். அவற்றில் மிகச் சிறியது 30 கிராம் எடை. உலகத்தின் மிகச் சிறிய பிரைமேட் அதுதான். பிறந்து ஒரு வருஷத்தில் குட்டி போடும் பிராணி. கூண்டில் வைத்தால் 10 வருஷத்தையும் தாண்டி வாழ்கிறது. காட்டில் ஆந்தை, பாம்பு, பட்டினி எல்லாம் இருப்பதால் பெரும்பாலானவை சில வருஷங்களில் காணாமல் போகின்றன. அப்படியானால் ஒரு தலைமுறை எவ்வளவு? ஆன் யோடரும் அவருடைய சகாக்களும் 2016ல் வெளியிட்ட ஆராய்ச்சியில் 3 முதல் 4½ வருஷம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

அந்த எண்ணை நம்பி என்ன இருந்தது என்பதைப் பார்க்க வேண்டும். இரண்டு இனங்களின் மரபணு வேறுபாட்டிலிருந்து, அவை பிரிந்து இத்தனை தலைமுறை ஆயிற்று என்று சொல்லலாம். தலைமுறையை வருஷமாக மாற்ற இந்த எண்ணால் பெருக்க வேண்டும். பெருக்கிப் பார்த்ததில், லெமூர்களின் ஒரு பகுதி சுமார் 55,000 வருஷத்துக்கு முன்பு வேகமாகப் பிரிந்திருக்கிறது என்று வந்தது. அப்போது அந்தத் தீவில் மனிதன் இல்லை. ஆகவே காடு துண்டுபட்டதற்கு முதல் காரணம் மனிதன் அல்ல, மாறிய சீதோஷ்ணம் என்றாகிறது. வேறுபாடு அதே, தலைமுறை எண்ணிக்கை அதே. ஆனால் தலைமுறைக்கு 4 வருஷம் என்பதற்குப் பதிலாக 1 வருஷம் என்று போட்டால் 55,000 என்பது 14,000க்கும் கீழே வந்துவிடும். மனிதனின் வருகையை நோக்கி அந்தத் தேதி அவ்வளவு தூரம் நகர்ந்துவிடும். யார் மேல் குற்றம் என்ற கேள்விக்கான பதில், ஒரு சின்னப் பிராணி சராசரியாக எந்த வயதில் தாயாகிறது என்ற எண்ணில் தொங்குகிறது.

2

மடகாஸ்கர் தூரம். நம் தேவாங்கு பக்கத்தில் இருக்கிறது. நான் இருக்கும் ஓசூரிலிருந்து மாநில எல்லையைத் தாண்டிப் பெங்களூருக்குப் போனால், இந்திய அறிவியல் கழக வளாகத்து மரங்களில் இன்னும் தேவாங்கு இருக்கிறது. தெற்கே திண்டுக்கல், கரூர் மாவட்டங்களின் வறண்ட காடுகளில் நிறையவே இருக்கிறது. தமிழில் அதற்கு இருக்கும் இடம் வசைச்சொல்லின் இடம்: மெலிந்து, கண் பிதுங்கி இருப்பவனைத் தேவாங்கு என்கிறோம். மருந்துக்கும் மந்திரத்துக்கும் அதைப் பிடித்திருக்கிறோம். அதன் பெரிய கண்களுக்கு நம் கண்நோயைத் தீர்க்கும் சக்தி உண்டென்று நம்பி அந்தக் கண்களைத் தோண்டியும் இருக்கிறோம்.

1960களில் எல்.எஸ். ராமசாமியும் டி.சி. ஆனந்த குமாரும் அதன் இனப்பெருக்கச் சுழற்சியை ஆராய்ந்து எழுதினார்கள். 1997க்குப் பிறகு அன்னா நெகாரிஸ், சிந்து ராதாகிருஷ்ணா, மேவா சிங் ஆகியோர் திண்டுக்கல் மாவட்டத்து அய்யலூர்க் காட்டில் இரவு இரவாக அதைப் பின்தொடர்ந்தார்கள். இவர்களால் நமக்குச் சில விஷயங்கள் தெரியும். சுமார் ஐந்தரை மாதம் சுமக்கிறது. ஒன்றோ இரண்டோ குட்டி. குட்டி கொஞ்சம் வளர்ந்ததும் அதை ஒரு கிளையில் விட்டுவிட்டுத் தாய் இரை தேடப் போய், விடிவதற்குள் திரும்புகிறது.

காட்டில் ஒரு தேவாங்கின் வயது மட்டும் இப்படிப் பின்தொடர்வதால் கிடைத்துவிடாது. ஒன்றிரண்டு வருஷம் தொடர்ந்து பார்க்கப்பட்ட ஒரு பெண் தேவாங்கு நாலு வயதா ஒன்பது வயதா என்று அதன் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதனால் ஒரு சூத்திரத்தைப் பயன்படுத்துகிறார்கள். முதல் ஈற்று வயதோடு, இனப்பெருக்கக் காலத்தின் ஒரு பின்னத்தைக் கூட்டிக்கொள். முதல் ஈற்று ஒன்றரை வயதில், கடைசி ஈற்று எட்டு வயதில் என்று வைத்துக்கொள்வோம். இடையே ஆறரை வருஷம். பின்னம் பாதி என்றால் தலைமுறை 4¾ வருஷம். இளம் வயதிலேயே நிறையச் சாகின்றன, எனவே பின்னம் 0.3தான் என்று எடுத்தால் 3½ வருஷத்துக்குச் சற்றுக் குறைவு. கூண்டில் 14 வயது வரை ஈனும் என்று ஒருவர் எடுத்துக்கொண்டு பாதியைக் கூட்டினால் 7¾. ஒரே பிராணி, மூன்று பதில்கள், மூன்றுக்கும் பின்னால் ஏதோ ஒரு நியாயம்.

இந்த எண் எங்கே போய்ச் சேர்கிறது? சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலுக்கு. ஒரு இனம் அழிவை நோக்கிப் போகிறதா என்று பார்க்க அங்கே உள்ள விதிகளில் ஒன்று: 10 வருஷம் அல்லது மூன்று தலைமுறை, இரண்டில் எது நீளமோ அதற்குள் எண்ணிக்கை எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார். காரணம் இன்னும் நீங்காதபோது, 30 சதம் குறைந்திருந்தால் ஊறுபடத்தக்கது. 50 சதம் என்றால் அபாயத்தில் இருப்பது. 80 சதம் என்றால் மிக அபாயத்தில் இருப்பது.

யானைக்குத் தலைமுறை 25 வருஷம் என்று எடுத்தால், யானைக்காக 75 வருஷம் பின்னோக்கிப் பார்க்கிறோம். தேவாங்குக்காக 10 வருஷமோ 15 வருஷமோதான். அதற்கு முன்னால் போனவை போனவைதான். இதில் உயிரியல் தர்க்கம் இருக்கிறது. வேகமாகப் பெருகும் பிராணி வேகமாக மீளவும் கூடும். ஆனாலும் விளைவு என்னவோ ஒன்றுதான்: உடம்பு சிறுத்து வாழ்வு குறுகியவற்றின் இழப்பை, சட்டப்படியே, சீக்கிரம் மறந்துவிடலாம்.

3

நான் சொல்ல வந்த விஷயம் இதற்கு அடுத்த படியில் இருக்கிறது.

மேலே சொன்ன ஆறு தாய்களுக்குத் திரும்புவோம். அந்தக் காட்டுக்குள் ஒரு ரோடு வருகிறது. வேலி வருகிறது, மின்கம்பி வருகிறது, பிடித்து விற்கிறவன் வருகிறான். இனி எந்தத் தாயும் ஐந்து வயதைத் தாண்டுவதில்லை. குட்டி போடுகிறவை 2, 3, 4 வயதுத் தாய்கள் மட்டும். சராசரி 3. தலைமுறை ஐந்தரை வருஷமாக இருந்தது, மூன்று வருஷமாகிவிட்டது. மூன்று தலைமுறை என்பது பதினாறரை வருஷமாக இருந்தது, 9 வருஷமாகிவிட்டது. விதி 10க்குக் கீழே போக விடாது என்பதால் 10 என்று வைத்துக்கொள்ளலாம்.

16 வருஷத்துக்கு முன் அந்தக் காட்டில் 1,000 பிராணிகள். 10 வருஷத்துக்கு முன் 620. இன்று 450. பழைய தலைமுறைக் கணக்கில் பார்த்தால் 55 சதம் போய்விட்டது. இனம் அபாயத்தில் இருக்கிறது. புதிய தலைமுறைக் கணக்கில் பார்த்தால் 620க்கு 450. சுமார் 27 சதம்தான் குறைவு. இந்த விதிப்படி பட்டியலில் இடமே இல்லை. இரண்டு கணக்கிலும் பொய் இல்லை. பிராணிகள் அதே பிராணிகள், பிணங்கள் அதே பிணங்கள். மாறியது அளவுகோல். அந்த அளவுகோலைக் குறுக்கியதும் அந்தச் சாவுகள்தான்.

அதாவது, காயம் தன்னைத்தானே சிறிதாக்கிக் காட்டுகிறது. தீங்கு போதுமான அளவு கடுமையாக இருந்தால், அதை அளக்கும் கோலையும் அது வெட்டிவிடுகிறது. பிறகு அந்த வெட்டுப்பட்ட கோலால் அளந்து, தீங்கு ஒன்றும் பெரிதில்லை என்று யார் வேண்டுமானாலும் மனச்சாட்சி உறுத்தாமல் அறிக்கை எழுதலாம்.

இதைச் சிவப்புப் பட்டியலை எழுதியவர்கள் கவனித்திருக்கிறார்கள் என்பதுதான் என்னை வியக்க வைத்தது. அவர்களுடைய விளக்கத்தில் ஒரு வாக்கியம் வருகிறது. மீன்பிடிப்பு போன்ற ஆபத்தினால் தலைமுறைக் காலம் மாறியிருக்குமானால், ஆபத்துக்கு முந்தைய, இயல்பான தலைமுறைக் காலத்தையே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது அதன் சாரம். தொழில்நுட்பக் குறிப்பு போலத்தான் எழுதப்பட்டிருக்கிறது. எனக்கு அது ஒரு நீதி நூலின் வாக்கியமாகப் படுகிறது. பாதிக்கப்பட்டவனின் நஷ்டத்தை, அவன் பாதிக்கப்படாமல் இருந்திருந்தால் வாழ்ந்திருக்கக்கூடிய வாழ்வைக் கொண்டு அள. அவன் இப்போது வாழும் வாழ்வைக் கொண்டு அளக்காதே. தத்துவம் படித்தவர்கள் இதைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிடுவார்கள் என்று தோன்றவில்லை.

டானியல் பாலி என்ற மீன்வள விஞ்ஞானி 1995ல் இதன் மறுபக்கத்தைச் சொன்னார். ஒவ்வொரு தலைமுறை விஞ்ஞானியும் தான் வேலைக்கு வந்தபோது கடலில் இருந்த மீனையே இயல்பான அளவு என்று கொள்கிறான். அங்கிருந்து குறைந்ததை மட்டுமே இழப்பு என்கிறான். அடிக்கோடு இப்படி நகர்ந்துகொண்டே போகிறது என்றார். அவர் பேசியது அளக்கிறவனின் தலைமுறையைப் பற்றி. நான் பேசுவது அளக்கப்படுகிறவற்றின் தலைமுறையைப் பற்றி. இரண்டும் ஒரே திசையில் சுருங்குகின்றன. ஒரு பக்கம் பார்க்கிறவனின் ஞாபகம், இன்னொரு பக்கம் பார்க்கப்படுவதன் காலம். நடுவில் இழப்பு கரைந்துவிடுகிறது.

4

ஓசூர் காலத்தைப் பொருளாகச் செய்யும் ஊர். 1970களில் சிப்காட் வந்தது. பிறகு லாரி, மொபெட், 1980களில் கைக்கடிகாரம். நொடியைப் பிசகாமல் நறுக்கும் இயந்திரம் இங்கே செய்யப்பட்டு நாடெங்கும் போயிற்று. இங்கிருந்து கிருஷ்ணகிரிக்குப் போகும் நெடுஞ்சாலை அகலமாயிற்று, மறுபடி அகலமாயிற்று. சாலையோர மரம் என்பது நாட்டுக் குரங்குக்கு வீடு. தலைமயிர் குல்லாய் போலப் படிந்திருக்கும் இந்தக் குரங்கு தீபகற்ப இந்தியாவுக்கு வெளியே கிடையாது. ஆழ்ந்த காட்டைவிடச் சாலை மரமும் கோயில் மரமும்தான் அதற்குப் பிடித்த இடம். ஊருக்கு ஊர் இருக்கிறதே என்பதால் அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. 2017ல் மேவா சிங்கும் அவருடன் வேலை செய்தவர்களும் வெளியிட்ட ஆராய்ச்சி, விரிவாகக் கணக்கெடுத்த ஒரு பகுதியில், சாலையோர ஆல அரச மரங்கள் போனதால் 25 வருஷத்தில் இந்தக் குரங்குகள் 65 சதத்துக்கு மேல் குறைந்திருப்பதாகச் சொல்லிற்று. கவலைக்கு இடமில்லாதது என்ற வரிசையில் இருந்த இனம், பிறகு சிவப்புப் பட்டியலில் ஊறுபடத்தக்கது ஆயிற்று.

இங்கே ஒன்றைக் கவனிக்கலாம். இந்தச் சரிவு தெரிய வந்ததற்குக் காரணம், 25 வருஷத்துக்கு முன்பு யாரோ ஒருவர் அதே சாலையில் போய்க் குரங்குகளை எண்ணி வைத்திருந்தது. எண்ணியபோது அதில் யாருக்கும் பெரிய பிரயோஜனம் தெரிந்திருக்காது. அந்தப் பழைய எண் இல்லாவிட்டால் இன்றைய குரங்குகள் 'போதுமான' குரங்குகள்.

மனிதர்களிடமும் இந்தக் கணக்கு நடப்பதைப் பார்த்திருக்கிறேன். நான் சில வருஷம் வேலை பார்த்த ஒரு தொழிற்சாலையில், இரவு ஷிப்ட் முடிந்தவர்களைக் கிராமம் வரை கொண்டுபோய் விட பஸ் இருந்தது. நிரந்தரத் தொழிலாளிகள் வயதாகி ஓய்வு பெற்றார்கள். சிலர் விருப்ப ஓய்வு என்ற பெயரில் அனுப்பப்பட்டார்கள். அந்த இடங்களுக்கு காண்ட்ராக்ட் ஆட்கள் வந்தார்கள். ஒரு வருஷம் நிறைவதற்குள் முகம் மாறிவிடும். பஸ்ஸும் நின்றது. சில வருஷம் கழித்து அதைப் பற்றிக் கேட்டபோது நிர்வாகத்தின் பதில் இப்படி இருந்தது: இப்போது வேலையில் இருக்கிறவர்களில் ஒருவர்கூட அந்த பஸ்ஸில் போனதில்லை, தங்களிடம் ஒருபோதும் இல்லாததை அவர்கள் இழந்ததாக எப்படிச் சொல்ல முடியும்?

வாதத்தில் பொய்யான வாக்கியம் ஒன்றுகூட இல்லை. தொழிலாளியின் தலைமுறை 30 வருஷத்திலிருந்து 11 மாதமாகக் குறுக்கப்பட்டுவிட்டது. குறுக்கியவர்களே அந்த 11 மாதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அளந்தார்கள். தேவாங்கைப் பற்றிப் படித்த பிறகுதான் அந்த வாதத்தின் அமைப்பு எனக்குத் துலங்கியது. ஆபத்துக்கு முந்தைய அளவை எடு என்ற விதி தொழிற்சட்டத்துக்கும் அப்படியே பொருந்தும்.

5

இதற்கு எதிராக இரண்டு விஷயங்களைச் சொல்லலாம். இரண்டும் கனமானவை.

முதலாவது: 'முந்தைய' என்றால் எதற்கு முந்தைய? சிப்காட்டுக்கு முந்தையதா, வெள்ளைக்காரன் காடு வெட்டியதற்கு முந்தையதா, ஏர் கண்டுபிடித்ததற்கு முந்தையதா? காயமே படாத ஒரு காலம் இருந்தது என்று சொல்வது பழம்பெருமைக்காரர்களின் பேச்சு இல்லையா? நாம் இலக்கியத்தில் பொற்காலக்காரர்களோடு சண்டை போட்டு வந்தவர்கள். காட்டில் மட்டும் பொற்காலத்தை ஒப்புக்கொள்வோமா?

ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. விதி பொற்காலத்தைக் கேட்கவில்லை. எந்தத் தீங்கை அளக்கிறோமோ அந்தத் தீங்கே அளவுகோலைத் தயாரிக்கக் கூடாது என்று மட்டும்தான் கேட்கிறது. 1980ல் வந்த ரோட்டின் விளைவை அளக்கிறாயா, 1980க்கு முந்தைய கோலை எடு. அந்தக் கோலும் அதற்கு முந்தைய ஏதோ ஒரு காயத்தால் குறுகியதாக இருக்கலாம். அது வேறு வழக்கு, வேறு விசாரணை. வழக்குக்கு வழக்கு அளவுகோல் பின்னோக்கிப் போகலாம். குற்றம் சாட்டப்பட்டவனின் கையில் மட்டும் அது இருக்கக் கூடாது.

இரண்டாவது ஆட்சேபணை இதைவிடச் சங்கடமானது. காயத்துக்கு முந்தைய அளவை யாரும் எடுத்து வைக்கவில்லை என்றால்? அப்போது நல்லெண்ணம் உள்ளவன் ஒரு நீளமான எண்ணைத் தேடுவான். கூண்டுத் தேவாங்கின் ஆயுள் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. 7¾ என்று போட்டால் மூன்று தலைமுறை 23 வருஷத்துக்கு மேல்; இழப்பு பெரிதாகத் தெரியும்; இனத்துக்குப் பாதுகாப்பு கிடைக்கும். ஆனால் கூண்டில் ஆந்தை இல்லை, பஞ்சம் இல்லை. காட்டில் எந்தக் காலத்திலும் எந்தத் தேவாங்கும் சராசரியாக அந்த வயதில் தாயாகியிருக்காது. நல்ல காரியத்துக்காகச் சொல்லப்பட்டாலும் அது இட்டுக்கட்டிய எண். ஒரு பிராணியைக் காப்பாற்றப் பொய் சொல்லலாமா என்று கேட்டால், பலரும் சொல்லலாம் என்றுதான் சொல்வார்கள். நான் தயங்குகிறேன். பிடிபடும்போது அந்தப் பொய் தேவாங்கோடு நிற்காது. எண்ணி வைத்த எல்லா எண்களையும் சந்தேகத்துக்கு உள்ளாக்கும். மேலும், வசதிக்கு ஏற்ப அளவுகோலை நீட்டலாம் என்பதை நாம் ஒப்புக்கொண்ட நாளில், வசதிக்கு ஏற்பக் குறுக்குகிறவனிடம் சொல்ல நம்மிடம் ஒன்றும் இருக்காது.

இதற்கு வழி அழகானதாக இல்லை. 3½ முதல் 4¾ வரை என்று வீச்சாக எழுத வேண்டும். எந்த எண் காட்டிலிருந்து வந்தது, எது கூண்டிலிருந்து வந்தது, எது உறவினப் பிராணியிடமிருந்து கடன் வாங்கியது என்று பக்கத்திலேயே சொல்ல வேண்டும். இரண்டு முனைகளிலும் கணக்கைப் போட்டுக் காட்ட வேண்டும். எந்த முனையில் தப்பு நேர்ந்தால் திருத்த முடியும், எந்த முனையில் நேர்ந்தால் திருத்த முடியாது என்பதைத் தனியே பேச வேண்டும். அழிந்த இனத்தைப் பட்டியலில் இடம் மாற்றிப் போடுவதால் பிரயோஜனமில்லை. அழியாத இனத்தின் இடத்தை என்றும் மாற்றிக்கொள்ளலாம். ஜாக்கிரதை என்பது இந்தத் தனிப் பேச்சில் வர வேண்டிய விஷயம். எண்ணுக்குள் ரகசியமாகக் கலக்க வேண்டிய விஷயம் அல்ல.

2022ல் தமிழ்நாட்டு அரசு, கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் காட்டைக் கடவூர் தேவாங்கு சரணாலயமாக அறிவித்தது. தேவாங்குக்கு என்று நாட்டில் முதலில் ஏற்பட்ட சரணாலயம் அது. புகலிடம் என்ற முறையில் அதன் பயனைப் பலரும் எழுதியாகிவிட்டது. எனக்கு வேறொரு பயன் தோன்றுகிறது. ஒரு காலத்தில் உலகத்து மீட்டர் கோல்களுக்கெல்லாம் மூலமாக, பாரிஸுக்குப் பக்கத்தில் ஒரு உலோகக் கோலைப் பூட்டி வைத்திருந்தார்கள். கடவூரும் காயம் படாத காடு இல்லை. ஆனாலும் அங்கே சில தேவாங்குகளை, பிறந்ததிலிருந்து சாகும் வரை, பொறுமையாக யாராவது கவனித்து எழுதி வைத்தால், இனி வரப்போகிற தீங்குகளுக்கு அது முந்தைய அளவாக இருக்கும். ஒரு தேவாங்கு அங்கே கிழடாகிச் சாவது செய்தி ஆகாது. எப்போது செத்தது, அதுவரை எத்தனை குட்டிகளைக் கிளையில் விட்டுவிட்டுப் போய்த் திரும்பி வந்தது என்று தேதியோடு ஒரு நோட்டில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.